முருங்கனில் காணி தெரிதலும் இடர்க்கால ஆயத்தமும்

முருங்கன் பகுதியில் காணி பெற்றுக் குடியேற விரும்பும் கமக்காரர் நீர், மண், மேடு ஆகிய மூன்றையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

நீர்: இங்குள்ள வயல்கள் பெரும்பாலும் கட்டுக்கரைக் குளத்தை நம்பியுள்ளன. அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாக இக்குளத்தை அடைகின்றது. காணி வாய்க்காலின் தலைப்பில் உள்ளதா, கடைசியில் உள்ளதா என்பதை அறிதல் வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் கடைவயலே முதலிற் காயும். கிணற்றின் உவர்ப்பை மாரியிலன்றிக் கடுங்கோடையிற் சோதித்தல் நன்று.

மண்: முருங்கன் களிமண் மழையில் ஒட்டும்; கோடையில் ஆழமாக வெடிக்கும். நெல்லுக்கு ஏற்ற இம்மண்ணில் மரக்கறி செய்வோர் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் அமைத்தல் வேண்டும்.

மேடு: 1964 டிசெம்பரில் மன்னார்க் கரையைச் சூறாவளி தாக்கியது. அது பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் மாதமாகும். ஆகவே வீட்டையும் நெற்களஞ்சியத்தையும் பழைய வெள்ளம் ஏறிய மட்டத்திற்கு மேலே அமைத்தல் வேண்டும்.

விதைநெல்: வெள்ளத்தால் விதைப்பு அழியின், நீண்ட வயதுடைய நெல்லை மீண்டும் விதைத்துப் பயனில்லை, கதிர் முற்றுமுன் மாரி நீங்கிவிடும். இரண்டரை அல்லது மூன்று மாத இன நெல்லை, ஏக்கருக்கு 2 புசல் வீதம், நன்கு உலர்த்தித் தனியே வைத்தல் வேண்டும். 100 விதைகளை ஈரச்சாக்கில் இட்டு, 85 முளைக்கின்றனவா என விதைப்புக்கு முன் பார்த்தல் அவசியம்.

உணவு நெல் குறைந்தபோதும் இவ்விதையைக் குற்றுதல் ஆகாது.