பாடசாலைக் கிணறும் கூட்டறிக்கைப் புத்தகமும்

பாடசாலை நிருவாகத்துக்கும் பெற்றோருக்கும் இடையே பொதுப்பொருள் பற்றி எழும் பிணக்குகளில், பொருள் யாருடையது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் முன்னரே முடிந்துபோனதாக இருக்க, அதை யார், எந்த வேளையில், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதே எழுதப்படாமல் விடப்பட்டுப் பின்னர் பகையாக வளர்கிறது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றுவிட்டன. பெற்றோர் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த பொருளும் பொருட்பதிவேட்டில், அதாவது பாடசாலையின் உடைமைகளை வரிசையிலக்கமிட்டுப் பதியும் புத்தகத்தில், ஏறிய அன்றே அரச உடைமையாகிவிடுகிறது. எனவே "எங்கள் பணத்தில் வாங்கியது" என்று வாதிடும் பெற்றோர் முதல் வாக்கியத்திலேயே தோற்றுவிடுகின்றனர்.

இத்தகைய பொருள்கள் வாங்கப்படுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாகும். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் ஆகியோரைக் கொண்ட இச்சங்கத்துக்கு அதிபரே பதவிவழித் தலைவர் என்பதால், அதிபரோடு பிணங்கும் பெற்றோர் அதிபரின் தலைமையிலேயே கூடி முறையிட வேண்டிய நிலை அமைப்பிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் கோயில் வண்ணக்கர், அதாவது ஆலய நிருவாகப் பொறுப்பாளர், திருவிழா முடிந்ததும் கணக்கைச் சபையில் வாசிக்காமல் தப்ப முடியாது. ஒரு தேங்காய்க் குலைக்குக் கணக்குக் கேட்கும் அதே மக்கள் பாடசாலைக் கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கையொப்பமிட்டு எழுந்துபோவது விளங்காத புதிர்.

இங்கே ஆராயப்படும் பிணக்கு எழுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையின் கிணறு பற்றியது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணற்திட்டே எழுவான்கரை. மேற்கே வயல் சார்ந்த பகுதி படுவான்கரை. மணற்திட்டில் மாரிமழை நிலத்துள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நீரியல் கணிப்பின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் கீழிருந்து உப்பு அதே விகிதத்தில் எழும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், கிணறுகளைத் தூய்மையாக்க மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்ததே சில இடங்களில் உப்பை நீடிக்கச் செய்தது. கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் அயல்வீட்டுக் கிணறுகள் உவர்த்துவிட, பாடசாலைக் கிணறு மட்டும் குடிக்கத் தக்கதாக இருந்தது.

பெற்றோர் அக்கிணற்றுக்கு ஒரு நீர்ப்பம்பியும் 2,000 லீற்றர் தாங்கியும் வாங்கிக் கொடுத்தபோது, பாடசாலை விட்டபின் அயற்குடும்பங்கள் குழாயில் நீர் பிடிக்கலாம், மின்கட்டணத்தில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கும் என்று வாய்மொழியாக இணங்கப்பட்டது. அன்றைய செயலாளர் இக்கட்டுரையாசிரியரே. அவர் அன்று எழுதிய கூட்டறிக்கையில் இவ்விடயம் பற்றி இருப்பது ஒரேயொரு வரி: "நீர்த்தாங்கி வழங்கிய பெற்றோருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது." எழுத்து அழகாக இருக்கிறது, நிபந்தனை ஒன்றும் இல்லை. நிபந்தனைகளை எழுதினால் தணிக்கையின்போது வீண் கேள்வி வரும் என்று பொருளாளராக இருந்த ஆசிரியர் சொன்னது உண்மை. அதை நம்பியது செயலாளரின் பிழை. பின்னாளில் அதே பொருளாளர் அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று சாதித்தார் என்பதும் இங்கே பதியத் தக்கது.

மூன்றாண்டின் பின் இடமாற்றம் பெற்றுவந்த புதிய அதிபர் பொருட்பதிவேட்டைப் புரட்டினார். "நீர்ப்பம்பி 1, தாங்கி 1, அன்பளிப்பு" என்பதற்கு மேல் எதுவும் காணாததால் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர், கூடிநின்ற தாய்மாரின் வெறுங்குடங்களைப் பார்த்தபின் கேட்டது ஒன்றே: "எந்தத் திகதிக் கூட்டறிக்கை?" அந்த ஒருவரிப் பக்கம் நீட்டப்பட்டபோது பெற்றோர் தரப்பு பதினான்கு மாதங்களை இழந்தது.

அக்காலத்தில் சில பெற்றோர் பாடசாலை வாயிலைப் பூட்டி மறியல் செய்யவேண்டும் என்றனர். அதற்கு இணங்காத செயலாளர் கோழையென்று பேசப்பட்டார். வாயிலைப் பூட்டினால் படிப்பை இழப்பது பிள்ளைகளே, அதிபரல்லர் என்ற அவரது நிலைப்பாடு இன்றும் மாறவில்லை. முறைப்பாட்டின் படிகள் எங்கும் ஒன்றே: அதிபர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், பின்னர் மாகாணத் திணைக்களம், தேசிய பாடசாலையாயின் கல்வி அமைச்சு. கணக்கு மறைக்கப்படுமிடத்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மின்கட்டணப் பட்டியல் இவ்வழியில்தான் வெளிவந்தது, அதிபர் சொன்ன தொகை மிகைப்படுத்தப்பட்டதென்பதும் தெரிந்தது.

ஆயினும் அதிபரின் வாதத்தில் ஒன்று சரியாக இருந்தது என்பதைப் பெற்றோர் தரப்புக் காலந்தாழ்த்தியே ஒப்புக்கொண்டது. பம்பியை இடைவிடாது ஓடவிட்ட நாள்களில் நீர் கரித்தது. கிணற்றின் இயல்பைப் பேசத் தொடங்கிய பின்னரே பேச்சு நகர்ந்தது. 1980களின் தொடக்கத்தில், அயலிலுள்ள கல்லோயா இடதுகரையில் உழவரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து நீர்ப்பங்கீட்டைச் சீர்செய்த முயற்சியை, பொதுவளங்களின் ஆளுகை பற்றி 1990இல் வெளிவந்த நூலில் எலினோர் ஒஸ்ட்ரம் எடுத்து ஆராய்ந்தார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. பயன்படுத்துவோரே வகுத்த விதி நிலைக்கும் என்ற அவரது முடிவு இங்கும் பொருந்திற்று. பம்பி காலையும் மாலையும் அரைமணி நேரம் மட்டும் ஓடும். நீர் கரித்தால் அன்று இறைப்பு நிறுத்தப்படும். கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு சங்கத்துடையது. குழாய்ப்பூட்டுக்கு இரு திறப்புகள், ஒன்று அலுவலகத்தில், மற்றது செயலாளரிடம். இவை அனைத்தும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதப்பட்டு, சபையில் வாசிக்கப்பட்டு, இரு தரப்பின் கையொப்பத்துடன் பொருட்பதிவேட்டின் குறிப்பு நிரலிலும் திகதியிட்டுச் சேர்க்கப்பட்டன.

அதற்குள் உன்னிச்சைக் குளத்து நீரை வழங்கும் குழாய் அவ்வீதிக்கு வந்துவிட்டது. இப்போது பின்னேரங்களில் அந்தத் தாங்கிக்குக் குடத்தோடு வருவது நான்கு குடும்பங்கள் மட்டுமே.