கடைக் கணக்கைத் தகட்டில் ஏற்ற எந்த டிரைவ் வாங்கலாம்?

பர்மா, மலேயா பேரேடுகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய ஊர் நம்முடையது. பேரேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் அடித்த இடம் தெரியும். கம்ப்யூட்டர் கணக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், டாலி கணக்கோடு அப்போது சொருகியிருக்கும் பென் டிரைவும் போய்விடும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆர் தகட்டில் பதிந்து முடித்ததை எந்த வைரஸும் மாற்ற முடியாது.

ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். 2022-23 கணக்குக்குக் கடைசித் தேதி 31.12.2023. ஆகவே 2029 டிசம்பர் முடிய அது கையில் இருக்க வேண்டும். அப்பீல் நடந்தால் இன்னும் கூடுதல் காலம்.

டிரைவ் வாங்கும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அகலமான பட்டை ஒயரும் 40 ஊசிகளும் இருந்தால் அது பழைய ஐ.டி.இ. இணைப்பு. அதற்காகப் புது டிரைவ் தேடி அலைவது வீண் செலவு. விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய ஒயர் என்றால் சாட்டா. 2003 முதல் வந்த இணைப்பு இது. பெட்டியில் டிரைவ் வைக்க இடமும் இருந்தால் உள்ளே பொருத்தும் சாட்டா டிரைவே நல்லது. மின்சாரம் நேராகக் கிடைக்கும்.

லேப்டாப்புக்கும் இடமில்லாத புதுப் பெட்டிக்கும் வெளியே வைக்கும் யு.எஸ்.பி. டிரைவ்தான். 'யு.எஸ்.பி. 3' என்று கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டாம். 8 மடங்கு வேகத்தில் டிவிடி எழுத வினாடிக்குச் சுமார் 11 எம்.பி. போதும், யு.எஸ்.பி. 2 அதைத் தாராளமாகத் தாங்கும். தகராறு பெரும்பாலும் மின்சாரத்தில்தான். யு.எஸ்.பி. 2 துளை 500 மில்லி ஆம்பியர் மட்டுமே தரும். எழுதும்போது டிரைவ் அதைவிட அதிகம் இழுக்கலாம். பாதியில் நின்றால் தகடு குப்பைக்குத்தான். ஆகவே இரண்டு முனை ஒயருள்ள டிரைவாகக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைகளில் சொருகுங்கள். பல துளைப் பெட்டி வழியாக வேண்டாம்.

ப்ளூ-ரே நமக்குத் தேவையில்லை. சி.டி. 700 எம்.பி. கொள்ளும், டிவிடி 4.7 ஜி.பி. (கம்ப்யூட்டர் அதை 4.38 என்று காட்டும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்). ஆர்.டபிள்யூ. தகட்டை அழித்து எழுத முடியும் என்பதால் கணக்குக்கு ஆகாது.

டாலி பேக்கப்பை எழுதியபின் 'வெரிஃபை' கொடுத்து, தகட்டை முடித்து மூடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். வெயிலும் ஈரமும் படக்கூடாது. டாலி வால்ட் கடவுச்சொல்லைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் தகடு நன்றாக இருந்தும் கணக்கைத் திறக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது, பழைய தகட்டையும் போட்டுத் திறந்து பார்த்துவிடலாம்.