வண்டி செட்டுத் தகரத்திலும் தண்ணீர் இருக்கு

ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்தில் சாரல். தென்காசிக்குக் கிழக்கே, திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் பாவூர்சத்திரத்துக்கு அந்தச் சீசனில் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றும் கொஞ்சம் தூறலும்தான். வாசல் நனையும், வாளி நிறையாது. இங்கே மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். வீட்டில் மழைத்தண்ணீர் பிடிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு மழைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் பல வீடுகளில் தட்டட்டியிலிருந்து இறங்கும் பைப் ஒன்று இருக்கும். ஆனால் பக்கத்திலேயே பைக், ஸ்கூட்டர் நிறுத்தப் போட்ட தகர செட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதன் தண்ணீர் நேரே தெருவுக்குத்தான் போகுது.

எவ்வளவு போகுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 20 அடிக்கு 10 அடி செட் என்றால் 200 சதுர அடி, அதாவது சுமார் 18.6 சதுர மீட்டர். 10 மி.மீ. மழைக்கு 186 லிட்டர். தெறிப்பது, வழிவது போக 150 லிட்டர் கையில் நிற்கும். 500 லிட்டர் டேங்க் நிறைய 35 மி.மீ. மழை போதும். ஐப்பசியில் இது ஒரே நாளில் பெய்துவிடும்.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடியதுதான். 6 இன்ச் பிவிசி பைப்பை நெடுக்காக இரண்டாக அறுத்தால் தகர ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால் ரெடி. 10 அடிக்கு ஒரு இன்ச் சரிவு கொடுங்க, அதற்கு மேல் தேவையில்லை. 2 அடிக்கு ஒரு கிளாம்பு போட்டு இறுக்குங்க. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று சுரண்டைப் பக்கம் காற்றாலையையே சுற்ற வைக்குது. பைப்பைச் சும்மா விடுமா? ஏணியில் ஏறுவதற்கு முன் செட்டுக்கு மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று பாருங்க. தாழ்வாகத் தொங்கினால் கையை வைக்காமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்தது அழுக்குத் தண்ணீர். முதல் மழையில் தகரத்தில் கிடக்கும் தூசி, காக்கா எச்சம், சருகு எல்லாம் சேர்ந்து வரும். அதைத் தனியாகப் பிரிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வாய்க்காலிலிருந்து இறங்கும் பைப்பில் டேங்க் வாயை விட உயரத்தில் ஒரு ‘டி’ போடுங்க. ‘டி’யின் பக்கவாட்டுக் கை டேங்குக்குப் போகட்டும். கீழே 7 அடி நீளத்துக்கு 4 இன்ச் பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் திருகு மூடி போடுங்க. 4 இன்ச் பைப் ஒரு அடிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். ஆக 7 அடிக்கு 18 லிட்டர். நம்ம செட்டில் முதல் 1 மி.மீ. மழை அப்படியே இதற்குள் போய்விடும். பைப் நிறைந்த பிறகு வருகிற தண்ணீர்தான் டேங்குக்குத் திரும்பும்.

சாரல் கணக்கு இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு தூறலுக்கும் மூடியைத் திறந்து பைப்பைக் காலி செய்தால், அடுத்த தூறலும் அந்தப் பைப்புக்குள்ளேயே போய்விடும். ஆனி, ஆடி முழுக்கப் பெய்தாலும் டேங்குக்கு ஒரு சொட்டு வராது. “மழை பெய்யுது, டேங்க் மட்டும் காலியாவே கிடக்கு” என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். தொடர்ந்து தூறுகிற நாட்களில் தகரம் ஏற்கெனவே கழுவப்பட்டிருக்கும். அப்போது தினமும் திறக்க வேண்டாம், நான்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் விட்டால் கொசு வரும். ஐப்பசியில் வேறு மாதிரி: இடையில் சில நாள் வெயில் அடித்திருந்தால், மேகம் கூடும்போதே பைப்பைக் காலி செய்து வையுங்க. அந்த அழுக்குத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம், வீண் இல்லை.

டேங்க் எங்கே வைப்பது? 500 லிட்டர் நிறைந்தால் அரை டன் எடை. பலகை, பழைய மேசை எதுவும் தாங்காது. கல் வைத்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டினால் குழாய்க்கு அடியில் வாளியும் நிற்கும். வெளிச்சம் புகாத டேங்காக இருந்தால் பாசி பிடிக்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்குதேன்னு மருந்து வந்த ட்ரம்மை வாங்காதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து ட்ரம்தான். டேங்க் வாயிலும் வழிந்தோடும் பைப் முனையிலும் கொசுவலைத் துணியைக் கட்டுங்க. வழியும் தண்ணீர் உறிஞ்சு குழிக்கோ, வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கோ போகட்டும். செப்டிக் டேங்க் பக்கம் மட்டும் குழி வேண்டாம்.

கொசுவலை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதை விட நல்ல தண்ணீரில் முட்டையிடுவதைத்தான் விரும்பும். முட்டை கொசுவாக மாற ஏழெட்டு நாள் போதும். பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரியும். அதனால் ட்ரம்மைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் பத்தாது, தேங்காய் நார் போட்டு உள்ளே தேய்த்துக் கழுவணும்.

டேங்கை மூடிவிட்டு, பக்கத்திலேயே பழைய டயர், பெயிண்ட் டப்பா, உடைஞ்ச சட்டி, சிரட்டை எல்லாம் மழையில் கிடந்தால் என்ன பயன்? செட்டுக்கு உள்ளே செய்ய வேண்டிய வேலை இது. தண்ணீர் பிடிக்கிற டேங்க் வெளியே நிற்கட்டும், தண்ணீர் தேங்கக்கூடாத சாமான் உள்ளே வரட்டும். ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளை நட்டு போட்டு முடுக்கினால் நாமே அலமாரி செய்துவிடலாம். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தால் கூட்டிப் பெருக்க வசதி, பாம்பு, தேள் ஒளிந்தாலும் கண்ணில் படும். கனமான சாமான் கீழே. சாக்கு, கூடை, கயிறு மேலே. அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்காமல் விட்டால், பிள்ளைகள் பிடித்து ஏறும்போது சாய்ந்துவிடும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் அடிக்கிற பூச்சிமருந்தைப் பூட்டுப் போட்ட பெட்டியில், டேங்குக்கு எதிர்ச்சுவரில் வையுங்க. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் அறவே வேண்டாம். பெட்ரோலைக் கேனில் சேர்த்து வைப்பதும் அப்படித்தான்.

இந்தத் தண்ணீர் வண்டி கழுவ, துணி துவைக்க, கழிப்பறைக்கு, செடிக்கு. குடிக்க நினைத்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்த பிறகு, கொதிக்க வைத்துத்தான். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் செடிக்கு மட்டும்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மழைநீர் சேகரிப்பு அமைப்பதும் அப்போது உங்கள் பொறுப்புதான். வரைபடம் போடும்போதே செட்டின் சரிவு எந்தப் பக்கம், டேங்க் எந்த மூலை என்று கேட்டு எழுதச் சொல்லுங்க. பிறகு சுவரை உடைக்கிற செலவு மிச்சம்.

வீட்டில் யாருக்காவது விடாமல் காய்ச்சல் அடித்தால், நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்தால் சொல்வார்கள்.