குதிரைகளுக்கு இரண ஜன்னித் தடுப்பூசி எவ்வளவு காலம் காக்கும்?

வண்டிக்கும் சவாரிக்கும் குதிரை வளர்ப்போர் அஞ்ச வேண்டிய நோய்களுள் இரண ஜன்னி (டெட்டனஸ்) முக்கியமானது. வீட்டு விலங்குகளில் குதிரையையே இந்நோய் மிக எளிதில் தாக்குகிறது. நோய் கண்டபின் பிழைப்பவை குறைவு. ஆனால் தடுப்பூசியால் இதனை முழுமையாகத் தவிர்க்கலாம்.

நோய் வரும் வழி

கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். குளம்பில் ஏறிய ஆணி, காயடித்த புண், குட்டியின் தொப்புள் ஆகியவற்றின் வழியே இவை உடலுள் புகும். காற்றுப் படாத ஆழமான புண்ணில் பெருகி நஞ்சை உண்டாக்கும். பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் அறிகுறிகள் தோன்றும். அதற்குள் புண் ஆறியும் போயிருக்கலாம்.

நடை விறைத்தல், காதுகள் நிமிர்ந்து நிற்றல், வால் தூக்கியிருத்தல், தாடை இறுகித் தீனி எடுக்க இயலாமை, மூன்றாவது இமை கண்ணை மறைத்தல் ஆகியவை அறிகுறிகளாகும்.

இரண்டு வகை ஊசிகள்

1. தடுப்பூசி (டாக்சாய்டு): இது குதிரையின் உடலே எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக் கொள்ளச் செய்யும். முதல் ஊசி மட்டும் போதாது. 4 முதல் 6 வாரங்கள் கழித்து இரண்டாவது ஊசி போட வேண்டும். பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி தேவை. சில தயாரிப்புகள் ஊக்க ஊசிக்குப்பின் இரண்டு ஆண்டுகள் வரை காக்கும். மருந்துடன் வரும் குறிப்பின்படி நடக்கவும்.

2. எதிர்நஞ்சு: தடுப்பூசி போடாத குதிரைக்குக் காயம் பட்டால் இது போடப்படும். உடனே காக்கும், ஆனால் அப்பாதுகாப்பு ஏறத்தாழ மூன்று வாரங்களே நிலைக்கும். அரிதாகச் சில குதிரைகளுக்கு இதனால் கடும் கல்லீரல் நோயும் வருவதுண்டு. "போன காயத்திற்கு ஊசி போட்டாயிற்று" என்று இதனை நம்பியிருப்பது ஆபத்து. எதிர்நஞ்சு போடும்போதே வேறோர் இடத்தில் தடுப்பூசியையும் தொடங்க வேண்டும்.

காயம் பட்டால் கணக்கிடும் முறை

கடைசி ஊசி போட்டு 6 மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தால் உடனே ஊக்க ஊசி போடுவது நல்லது. தை மாதம் ஊசி போட்ட குதிரைக்கு ஆவணியில் ஆணி ஏறினால் ஏழு மாதங்கள் ஆகின்றன. "ஆண்டு முடியவில்லையே" என்று விட்டுவிடக் கூடாது. அதே காயம் பங்குனியில் பட்டிருந்தால் கூடுதல் ஊசி பொதுவாகத் தேவைப்படாது. எனினும் புண்ணைச் சுத்தம் செய்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சினைக் குதிரையும் குட்டியும்

முறையாக ஊசி போட்ட சினைக் குதிரைக்கு, ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் முன்பு ஊக்க ஊசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். அக்குட்டிக்கு 4 முதல் 6 மாத வயதில் முதல் ஊசியும், 4 முதல் 6 வாரங்கள் கழித்து இரண்டாவதும், 10 முதல் 12 மாத வயதில் மூன்றாவதும் போட வேண்டும்.

நோயிலிருந்து பிழைத்த குதிரைக்கும் தடுப்பூசி அவசியம். நோய் கண்டதால் எதிர்ப்பாற்றல் வருவதில்லை. ஊசி போட்ட தேதியை ஓர் அட்டையில் எழுதி லாயத்தில் வைத்திருந்தால், காயம் பட்ட அன்று கால்நடை மருத்துவர் தாமதமின்றி முடிவெடுக்க அது உதவும்.