நகப்பூச்சுக்கு முன் 400 மணி நேரம்

நகத்தை வெட்டிச் சீராக்கி அதன்மேல் வண்ணம் பூசுவதற்கு அரசாங்க உரிமம் வேண்டுமா? இக்கேள்வியைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உரிமம் இல்லாதவர் கட்டணம் பெற்றுக்கொண்டு பிறர் நகத்தை அழகுபடுத்துவது சட்டத்திற்குப் புறம்பானது. அங்கு நக அழகுக்கலைஞராக விரும்புவோர் 17 வயதை அடைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கல்வியையோ அதற்கு இணையான கல்வியையோ முடித்திருக்க வேண்டும். பின்னர், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் 400 மணி நேரம் பயின்று, மாநில அரசின் எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு ஐந்து நாள் என்று படித்தாலும் இதற்குப் பத்து வாரங்கள் ஆகும்.

இத்தனை வாரங்களும் தூரிகை பிடிப்பதிலேயே கழிவதில்லை. நகத்தின் அமைப்பைப் பற்றியும் மாணவர்கள் படிக்க வேண்டும். நகம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு நகம் முழுவதும் புதிதாக வளர ஆறு மாதம் பிடிக்கும். எனவே, வேர்ப்பகுதியில் ஒருமுறை ஏற்படும் காயம் பல மாதங்களுக்கு மறையாது. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைப் பலர் அழுக்கு என எண்ணி வெட்டி எறிகிறார்கள். உண்மையில், அது கிருமிகள் உள்ளே நுழையாமல் இடைவெளியை அடைத்து நிற்கும் காவல். ஒருவருடைய நகம் மஞ்சள் நிறமாகித் தடித்துப் பொடிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வண்ணம் பூசி அதை மறைக்காமல், மருத்துவரைப் பார்க்கும்படி கூறி அனுப்புவதே முறை. காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் இன்று இயலாது என்று சொல்வது எளிதான செயலா என்ன?

அடுத்தது தூய்மை. உலோகக் கருவிகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பின்னரே கிருமிநாசினியில் மூழ்க வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. கருவியில் அழுக்கு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அதற்கு அடியில் இருக்கும் கிருமிகளைச் சென்றடையாது. நகத்தைத் தேய்க்கப் பயன்படும் அட்டை அரத்தை இவ்வாறு தூய்மைப்படுத்த முடியாது. ஒருவருக்குப் பயன்படுத்தியதும் குப்பையில் போட்டுவிட வேண்டும். குதிகால் காய்ப்பைக் கூர்மையான தகட்டால் சீவுவதற்கும் அம்மாநிலத்தில் அனுமதி இல்லை.

இவ்விதிகள் மிகையானவை என்று தோன்றினால், 2000ஆம் ஆண்டு வடகலிபோர்னியாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்குள்ள ஒரு நக அழகு நிலையத்திற்குச் சென்று வந்தவர்களின் கால்களில் கட்டிகள் தோன்றின. அவை உடைந்து புண்ணாகின. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்குப் புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. கால்களை ஊறவைக்கும் நீர்ச்சுழல் தொட்டிகளைச் சுகாதார அதிகாரிகள் பிரித்துப் பார்த்தனர். தொட்டியின் உட்பகுதி வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால், நீரை உறிஞ்சும் துளையை மூடியிருந்த சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் தேங்கிக் கிடந்தன. அங்கே மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சுயிட்டம் என்னும் நுண்ணுயிரி பெருகியிருந்தது. அங்குச் செல்வதற்கு முன் கால் முடியை மழித்திருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததும் ஆய்வில் தெரியவந்தது. மழிக்கும்போது தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல்களே கிருமிக்குப் போதுமான வழியாகிவிடுகின்றன.

அதன் பிறகு, அத்தொட்டிகளைத் தூய்மைப்படுத்துவதற்கென்றே தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னும் நீரை வெளியேற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி கலந்த நீரைப் பத்து நிமிடம் சுழல விட வேண்டும். நாள்தோறும் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இவற்றைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். வாசலில் கூட்டம் சேர்ந்திருக்கும் வேளையில், அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதவரே உண்மையில் பயிற்சி பெற்றவர்.

கலிபோர்னியாவில் இத்தொழிலைச் செய்வோரில் பெரும்பாலோர் வியட்நாமிய வம்சாவளியினர். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1975இல் வியட்நாம் போர் முடிவுற்றபோது, பல்லாயிரம் பேர் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தனர். சாக்ரமெண்டோ நகருக்கு அருகிலிருந்த அகதி முகாமில் நடிகை டிப்பி ஹெட்ரன் தொண்டாற்றினார். அங்கிருந்த பெண்களுக்கு ஒரு பிழைப்பு வழி காட்ட விரும்பித் தையல், தட்டச்சு முதலியவற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அப்பெண்களோ அவருடைய அழகிய நகங்களைக் கண்டு வியந்தனர். உடனே தம் நக அழகுக்கலைஞரையே முகாமுக்கு வரவழைத்தார் ஹெட்ரன். உள்ளூர் அழகுக்கலைப் பள்ளி ஒன்றும் கைகொடுத்தது. இருபது பெண்கள் பயிற்சியை முடித்து உரிமம் பெற்றனர். அவர்களைப் பார்த்து உறவினரும் நண்பர்களும் இத்தொழிலுக்கு வந்தனர். இன்றும் அழகுக்கலை முழுவதற்குமான உரிமத்திற்கு அங்கு 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும்; நகத்திற்கு மட்டும் என்றால் 400 மணி நேரம் போதும். புதிய நாட்டில் விரைவில் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்திற்கு அந்த 600 மணி நேரம் பெரிய வேறுபாடு. இப்போது உரிமத் தேர்வை வியட்நாமிய மொழியிலும் எழுதலாம்.

இத்தொழிலில் கலைஞரின் உடல்நலத்திற்கும் ஆபத்து உண்டு. வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். கலைஞரோ நாள் முழுவதும் அதே காற்றைச் சுவாசிக்கிறார். சில நகப்பூச்சுகளில் டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய இரசாயனங்கள் கலந்திருக்கும். ஆகையால், காற்றோட்டம், கையுறை, புட்டிகளை உடனுக்குடன் மூடுதல் ஆகியவையும் பாடத்தில் இடம்பெறுகின்றன. 2010இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், அம்மூன்று இரசாயனங்களும் இல்லாத பூச்சுகளைப் பயன்படுத்தி, நல்ல காற்றோட்டமும் வைத்திருக்கும் நிலையங்களை அங்கீகரிக்கும் திட்டத்திற்கு வழிவகுத்தது. அத்தகைய நிலையங்களைத் தேடிப் பணிக்குச் செல்ல, இன்று உரிமம் பெறும் இளையரால் முடிகிறது.