புகையே இல்லாத நெருப்பா? காஸ் கணப்பைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வுட்ஸ்டாக் என்றொரு ஊர். 2008 டிசம்பரில் அங்கே மாகாணப் போலீஸ் அதிகாரி லோரி ஹாக்கின்ஸ், அவருடைய கணவர், மகள், மகன் என ஒரு குடும்பமே இறந்துபோனது. வீடு தீப்பிடிக்கவில்லை, எதுவும் வெடிக்கவும் இல்லை. காஸ் கணப்பின் கழிவுப்புகைக் குழாய் அடைத்துக்கொண்டதால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறைந்துவிட்டது. அதைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி அந்த வீட்டில் இல்லை.

லோரியின் உறவினரும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருமான ஜான் ஜின்யாக் அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தக் கருவியைக் கட்டாயமாக்கும் ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. சட்டம் வந்துவிட்டாலும், கணப்பைப் பற்றிய பழைய நம்பிக்கைகள் வரவேற்பறைகளில் அப்படியே குந்தியிருக்கின்றன. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிராம்ப்டனிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, காஸ் கணப்பு வீட்டோடு சேர்ந்தே வருகிறது. சிலர் அதைப் புதிதாக மாற்றுகிறார்கள். சிலர் இடத்தை அடைக்கிறதென்று பிடுங்கி எறிகிறார்கள். இரண்டுமே ஆபத்து ஒளிந்திருக்கும் வேலைகள்.

முதல் நம்பிக்கை: காஸ் சுத்தமாக எரியும், விறகுபோலப் புகையாது, ஆகவே புகைபோக்கி பெயருக்குத்தான்.

கண்ணுக்குப் புகை தெரியாது என்பது மட்டும் சரி. இயற்கை எரிவாயு ஒரு கனமீட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் வெளியே கொண்டுபோவது அந்தக் குழாய் ஒன்றுதான்.

எல்லாக் கணப்புகளின் குழாயும் ஒரே விதம் அல்ல. புதிய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் நேரடிக் குழாய் வகை. முன்கண்ணாடி இறுக மூடியிருக்கும். குழாய்க்குள் குழாயாக, வெளிக்குழாய் வழியே காற்று வரும், உள்குழாய் வழியே கழிவு போகும். அறைக் காற்றுக்கும் நெருப்புக்கும் தொடர்பே கிடையாது. பழைய வீடுகளில் உள்ள இயற்கை இழுப்பு வகையோ அறையின் காற்றை எடுத்து எரித்து, சூடான கழிவு தானாக மேலே ஏறிப் போவதை நம்பி இருக்கிறது.

இங்கேதான் நம்முடைய சமையலறை வந்து சேருகிறது. மீன் பொரிக்கும் மணமும் தாளிக்கும் நெடியும் வீட்டில் தங்கக்கூடாதென்று அடுப்புக்கு மேல் வலுவான புகை உறிஞ்சியைப் பொருத்துகிறோம். குளிர்காலத்தில் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். இறுக்கமான வீட்டில் அது கணப்பின் குழாய் வழியே கீழே இறங்கும், கழிவையும் கூடவே இழுத்து வரும். பழைய வகைக் கணப்பு இருக்கும் வீட்டில் புது உறிஞ்சி மாட்டும்போது இதைக் கேட்பவர் மிகக் குறைவு. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது: சுவாலை நீலமாக இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் கோளாறு.

சமையல் அடுப்புக்கு இது சரியான பாடம். கணப்பில் மஞ்சள் சுவாலை பெரும்பாலும் அழகுக்காகவே அப்படி அமைக்கப்பட்டது. இங்கே பார்க்க வேண்டியது கரி. கண்ணாடியிலும் பீங்கான் கட்டைகளிலும் கரி படிந்தால் எரிதல் சரியில்லை என்று பொருள். அதற்கு ஒரு காரணம் வீட்டுக்காரரின் கையாகவே இருக்கும். துடைப்பதற்காகக் கட்டைகளை எடுத்து, பிறகு கண்ணுக்கு அழகாகத் தோன்றியபடி அடுக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டைகளுக்குத் தயாரிப்பாளர் குறித்த இடம் உண்டு. சுவாலை கட்டையில் நேராக மோதினால் எரிதல் பாதியில் நின்று கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

மூன்றாவது: கைத்திறன் உள்ள உறவினர் ஒருவர் இருந்தால் போதும்.

ஒன்ராறியோவில் காஸ் வேலையைச் சான்றிதழ் பெற்ற தொழிலாளரே செய்யலாம். ஜி1, ஜி2 சான்றிதழ் உள்ளவர் தனியாகச் செய்யலாம், ஜி3 உள்ளவர் மேற்பார்வையில் மட்டும். வேலையை ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குளியலறைக் குழாயைத் திறமையாக மாற்றிய அண்ணருக்கு, வெளிச்சுவரில் கழிவு வாய் எங்கே இருக்கலாம் என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. திறக்கும் சன்னலிலிருந்து சாதாரண வீட்டுக் கணப்புக்கு 30 செ.மீ., வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் இயந்திரத்தின் வாயிலிருந்து 1.8 மீட்டர் என்று இடைவெளிகள் உண்டு. தரையிலிருந்து உயரமும் உண்டு. பனி குவிந்து வாய் மூடினால் வுட்ஸ்டாக்கில் நடந்ததே இங்கேயும் நடக்கலாம்.

பிழையான பொருத்தலைக் காணும் தொழிலாளர் 'ரெட் டாக்' ஒட்டுவார். உடனடி ஆபத்து என்றால் அங்கேயே காஸை நிறுத்திவிடுவார், இல்லையென்றால் சரிசெய்யத் தவணை கிடைக்கும். இதைத் தண்டனை என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டிருப்பது வீட்டில் தூங்குகிறவர்களின் நன்மைக்காக.

அடுத்தது, அதிகம் பேசப்படாதது: கணப்பை அகற்றுவது எளிது. வால்வை மூடு, கழற்று, பலகை அடித்து மறை.

மூடிய வால்வு முடிவான அடைப்பு ஆகாது. வால்வு தேயும், யாராவது தெரியாமல் திருப்பியும்விடலாம். கருவியைக் கழற்றியதும் குழாயின் முனையை மரையுள்ள மூடியால் அடைத்து, கசிவு இல்லையென்று சோதிக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த முனையில் கசிவு வந்தால் எந்தப் பலகைக்குப் பின்னால் தேடுவது?

சுவரிலுள்ள சுவிட்சும் ஏமாற்றும். பழைய கணப்புகள் பலவற்றில் அந்தச் சுவிட்ச் வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்ததே அல்ல. வழிகாட்டிச் சுடரின் வெப்பத்தில் பிறக்கும் சில நூறு மில்லிவோல்ட் மட்டுமே அதில் ஓடும். மின்தடையிலும் அந்தக் கணப்பு எரிவது அதனால்தான். வீட்டு மின்கம்பி என்று நினைத்து அதில் 120 வோல்ட்டைக் கொடுத்தால் காஸ் வால்வு கருகும்.

புகைபோக்கியும் கேட்டுச் செய்ய வேண்டிய விஷயம். பழைய வீட்டில் வெந்நீர்க் கொதிகலனும் அதே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். மூடினால் அதன் கழிவு வீட்டுக்குள் வரும். மூடாமல் விட்டாலும், தனித்து நிற்கும் சிறிய கருவிக்கு அந்தப் புகைபோக்கி மிகப் பெரிதாகிவிடும். கழிவு வழியிலேயே குளிர்ந்து நீராகி, உட்சுவரை அரிக்கும். மிகப் பழைய கணப்பில் தணல்போல் மினுங்கத் தூவிய பொடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அமெரிக்கா அதை 1977இல் தடை செய்தது. அப்படிப்பட்ட பொடியைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது.

கண்ணாடி சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. அது 200 டிகிரி செல்சியஸையும் தாண்டும், அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு குறையாது. 2015 முதல் தயாரிக்கப்படுபவை தடுப்பு வலையோடு வருகின்றன. தவழும் குழந்தை பழைய கணப்பின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துவிடும், அதற்குத் தடுப்பு தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

கடைசியாக, ஆபத்து வந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் கருவி உடனே அலறும் என்பது. காஸில் வாடை கலக்கப்பட்டிருப்பதால் கசிவு மூக்குக்குத் தெரியும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 911க்கு அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி எனக் காய்ச்சல்போல் தொடங்கும். வெளியே போனால் குறைந்து, வீடு திரும்பினால் கூடும் தலைவலி கவனிக்க வேண்டிய அடையாளம். கருவியும் உடனே அலறாது. காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்கும்படிதான் அது அமைக்கப்படுகிறது. 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். ஆகவே ஒலித்துவிட்டால், அதற்கு முன்பே கொஞ்ச நேரமாக மூச்சில் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், எரிபொருள் எரிக்கும் சாதனம் உள்ள வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், தூங்கும் இடங்களை ஒட்டியும் கார்பன் மோனாக்சைடு கருவி இருக்க வேண்டும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் இன்றே கீழே இறங்கிப் போய், அங்கே கருவி இருக்கிறதா, அதன் காலாவதித் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால், கணப்பைத் தொடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.