ஒரே தெரு, இரு பள்ளிகள்

காலை எட்டு மணி. எங்கள் ஊரில் ஒரு தெரு. ஒரு வரிசையில் மாடி வீடுகள்; எதிர் வரிசையில் ஓட்டு வீடுகள். மாடி வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கிறது. டையும் ஷூவும் அணிந்த பிள்ளைகள் ஏறிக்கொள்கிறார்கள். எதிர் வரிசைப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் உள்ள நகராட்சிப் பள்ளிக்கு நடக்கிறார்கள். மளிகைக் கடை ஒன்று, தண்ணீர் லாரி ஒன்று, பேருந்து நிறுத்தம் ஒன்று. பள்ளி மட்டும் இரண்டு!

இது ஏன் என்று நாங்கள் வகுப்பில் ஆராயப் புகுந்தோம். அந்த வேனில் வருபவர்கள் எங்களுள் பலர் என்பது உடனே நினைவுக்கு வந்தது. எனவே, யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. எங்களை நாங்களே கேட்டுக்கொண்ட கேள்விகளையே இங்கே தருகிறோம்.

பெற்றோர் ஏன் விலகுகின்றனர்?

முதற் காரணம் ஆங்கிலம். ஆங்கிலம் பேசினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. இரண்டாவது காரணம் அச்சம். “எல்லோரும் அங்கே சேர்க்கும்போது நம் பிள்ளை மட்டும் பின்தங்கிவிட்டால்?” என்று எந்தத் தாயும் தயங்குவாள். மூன்றாவது காரணத்தை வெளியே சொல்ல நாம் கூசுகிறோம். யாருடைய பிள்ளைகளோடு நம் பிள்ளை பழகும் என்ற எண்ணமே அது.

முற்காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஏழைப் பிள்ளைகளில் பலர் அன்று பள்ளிக்கே வரவில்லை. காமராசர் 1956 ஆம் ஆண்டு விரிவுபடுத்திய மதிய உணவுத் திட்டமும், எம்.ஜி.ஆர். 1982 ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. ஏழைகள் உள்ளே வரவர, வசதி படைத்தோர் வெளியே போனார்கள். இன்று கூலி வேலை செய்வோரும் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கத் துடிக்கின்றனர்.

போனது இடம் மட்டுமா?

ஒரு பிள்ளை விலகினால் ஒரு இடம் காலியாகிறது. அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970 ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெளியேறுவது, மற்றொன்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பது. தரத்தில் அக்கறையும் செல்வாக்கும் உள்ளவர்களே முதலில் வெளியேறினால், குரல் கொடுக்க வேண்டியவர்களே இல்லாமற் போய்விடுகிறார்கள்.

எங்கள் தெருவில் இதைப் பொருத்திப் பார்ப்போம். நகராட்சிப் பள்ளியில் கழிவறைக் கதவு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாடி வீட்டு வழக்கறிஞரின் மகள் அங்கே படித்தால், மறுநாளே அவர் கேட்பார். வீட்டு வேலை செய்யும் தாய் கேட்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெற்றோர் வரிசையில் மாடி வீட்டார் இல்லையே!

சட்டங்கள் செய்தவை

டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966 ஆம் ஆண்டிலேயே அருகமைப் பள்ளி என்ற கருத்தை முன்வைத்தது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும், சாதி, மதம், வருமானம் எதுவும் பாராமல், ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது ஏட்டளவில் நின்றுவிட்டது.

பின்லாந்து நாடு 1970-களில் இதைச் செய்து காட்டியது. 1972 முதல் 1977 வரை, வடக்கிலிருந்து தெற்காக, வட்டாரம் வட்டாரமாகப் பொதுப் பள்ளி முறையைக் கொண்டு வந்தது. செல்வர் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் ஒரே பள்ளிக்குச் சென்றனர்.

நம் நாட்டின் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியை நாடியது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு ஈடு செய்யும். இதனால் பயன் பெற்றோர் பலர். ஆயினும் இங்கும் வெளியேறும் வழிதான் அகலமாகிறது. விழிப்புள்ள ஏழைப் பெற்றோரும் விண்ணப்பித்துப் போய்விடுகின்றனர். போன மாடி வீட்டார் திரும்பி வருவதில்லை. மேலும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. நம் பள்ளி போன்றவை அத்தகையவை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்தில் வேற்றுமையைக் குறைக்கத் தமிழக அரசு 2010 ஆம் ஆண்டு சமச்சீர்க் கல்விச் சட்டம் கொண்டு வந்தது. புத்தகம் பொதுவாயிற்று, பெஞ்சு பொதுவாகவில்லை. 2020 ஆம் ஆண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தர வேண்டியிருந்ததே, இடைவெளி எவ்வளவு என்பதற்குச் சான்று.

எங்கள் தோழியின் கதை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்: “எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் மகளும் நானும் ஒரே வயது. ஐந்து வயது வரை வாசலில் பாண்டி ஆடுவோம். என்னை இங்கே சேர்த்தார்கள். அவளை அங்கே சேர்த்தார்கள். இரண்டே ஆண்டில் பேச்சு நின்றுவிட்டது. இப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படியிலேயே நிற்கிறாள். என்னை ‘நீங்க’ என்கிறாள்.”

வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணை வாசற்படியில் நிற்கச் சொன்னவர் யாருமில்லை. இரு பள்ளிகள் சொல்லாமலே கற்றுக்கொடுத்த பாடம் அது!

நாம் என்ன செய்யலாம்?

பள்ளி மாறுவது மாணவியர் கையில் இல்லை. ஆனால் தெரு நம் கையில் இருக்கிறது. மாலையில் சேர்ந்து விளையாடலாம், சேர்ந்து படிக்கலாம். அவர்கள் பள்ளிக் கழிவறையும் குடிநீரும் எப்படி இருக்கின்றன என்று நம் பெற்றோரையும் கேட்கச் சொல்லலாம். அது அவர்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிதானே? பழைய துணியும் புத்தகமும் கொடுப்பது எளிது. உடன் நின்று கேட்பதே அரிது.

நாளை நாம் ஆசிரியைகளாகவும் அதிகாரிகளாகவும் தாய்மாராகவும் வருவோம். அன்று நம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி நம் முன் நிற்கும். அப்போது நம் பிள்ளையின் நலத்தோடு, வாசற்படியில் நின்ற அந்தப் பெண்ணையும் எண்ணிப் பார்ப்போமாக.

எங்கள் தோழி சென்ற சனிக்கிழமை அவளை உள்ளே அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டாளாம். அவள் ‘நீங்க’ என்பதை இன்னும் விடவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து திறந்திருக்கிறார்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்